முழம் ஒன்பது ரூபாய்

வெற்றிலை எச்சிலைக் கழுவுவதோடுதான் செபநாயகத்துக்கு நாள் தொடங்கும். அவனைக் கார் றைவராக வைத்திருக்கிற, நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிற பிரக்கிராசி தில்லைநாதர், ஓடுகிற காரில் இருந்தபடியே வெளியே துப்புவார். காற்று அதை வாங்கிப் பின் கதவில் அப்பிவிட்டுப் போகும். இரவு முழுக்கக் காய்ந்து பிடித்துப்போன அந்தச் சிவப்பைத் தேங்காய்த் தும்பால் உரஞ்சி உரஞ்சி எடுக்கவேண்டும். படித்த மனிசன், கறுத்தக் கோட்டுப் போட்ட மனிசன், ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லிக் கொடுக்கிற மனிசன்! இறங்கி ஒரு ஓரமாகப் போய்த் துப்பத் தெரியாதா? சீ, இதுவும் ஒரு பிறவியா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே உரஞ்சுவான்.

எச்சிலையாவது கழுவிவிடலாம். அந்தக் காரின் பிறேக்கை நினைத்தால்தான் குருநகரில் தன் வீட்டில் பாயில் படுத்திருக்கும்போதும் அவனுக்கு வேர்க்கும்.

ஏழு வருஷத்துப் பழைய கார் அது. பிறேக் பின் சில்லுகள் இரண்டுக்கும் மட்டும்தான். முன் சில்லுகளுக்கு ஒன்றும் கிடையாது. மிதிக்க மிதிக்க அவை தம் பாட்டில் உருண்டுகொண்டே இருக்கும். வெயில் நாளில் ஒருமாதிரிக் கெஞ்சிக் கூத்தாடி நிற்பாட்டலாம். மழை பெய்து றோட்டுச் சேறாகிவிட்டால் முன்பக்கம் ஒரு திசையில் போகும், பின்பக்கம் வழுக்கிக்கொண்டு இன்னொரு திசையில் போகும். அந்த நேரம் மாதாவைக் கூப்பிடுவதைத் தவிர றைவருக்கு வேறு வேலை இல்லை. இந்த 1934இல் கொழும்பிலிருந்து வந்து இறங்குகிற புதுக் கார்களுக்கெல்லாம் நாலு சில்லுக்கும் பிறேக் இருந்தது. இந்தக் கார் ஒருநாள் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கப்போவதில்லை. அன்றைக்கு எவனோ ஒருவன் சாவான், மறியலில் கம்பி எண்ணப்போவது தான்தான் என்பதில் செபநாயகத்துக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கத்தரீனாவும் மூன்று பிள்ளைகளும் அவனுடைய லைசென்சை நம்பித்தான் சாப்பிட்டார்கள்.

கோப்பாயில் கராச் வைத்திருந்த தம்பிஐயாவிடம் நல்ல காலத்துக்கு ஒரு வழி இருந்தது. அதே இனத்துப் புதிய கார் ஒன்று மதகில் மோதி நொருங்கியதில், அதன் முன் அச்சு பிறேக்கோடு பழுதில்லாமல் அவர் கையில் அகப்பட்டிருந்தது.

"அச்சைக் கழட்டி மாத்தி, கம்பியெல்லாம் இழுத்து, நாலு சில்லும் ஒரேயடியாய்ப் பிடிக்கிற மாதிரிச் செய்து தாறன். நூற்றெண்பது ரூபாய். மாரி துவங்க முன்னம் சொல்லு, செபநாயகம்" என்றார் தம்பிஐயா.

நூற்றெண்பது ரூபாய் சின்னக் காசு இல்லைதான். செபநாயகத்தின் ஏழு மாதச் சம்பளம் அது. ஆனால் அந்தக் காரில் போய் வருகிறவர்கள் என்ன, கஞ்சிக்கு வழியில்லாதவர்களா? மறுநாளே பிரக்கிராசியிடம் சொன்னான். அவர் சிரித்தார்.

"யாழ்ப்பாணத்திலை மலை எங்கை ஐசே இருக்கு? கண்டி றோட்டெண்டாலும் பரவாயில்லை. இந்தத் தட்டை ஊருக்கு நாலு பிறேக் என்னத்துக்கு?"

"மலை இல்லைத்தான் ஐயா. சந்து பொந்தாய் ஒழுங்கை இருக்கு. வேலிக்குப் பின்னாலை இருந்து ஆடு வரும், மாட்டு வண்டில் வரும், பள்ளிக்கூடப் பிள்ளையள் ஓடி வருங்கள். கண்ணிலை படேக்கை கிட்ட வந்திடுங்கள்."

"சரி, ஆபத்தெண்டே வைப்பம். ஆனால் ஒண்டை யோசிச்சுப் பாரும். கார் என்ரை மனிசியின்ரை சீதனம். சீதன உறுதிப் பத்திரத்திலை அவவின்ரை பேரிலை எழுதிக் கிடக்கு. நான் என்ரை உழைப்பிலை பிறேக் போட்டால் அது தேடியதேட்டம். தேசவழமைச் சட்டப்படி அதிலை எனக்குப் பாதி, அவவுக்குப் பாதி. சீதனக் காருக்குள்ளை தேடியதேட்டப் பிறேக்கைக் கொண்டுபோய்ப் பூட்டினால் நாளைக்கு ஆர் அதைப் பிரிக்கிறது? கார் தந்தவர்தான் பிறேக்கும் தரவேணும். அதுதான் ஞாயம்."

பகிடி விடுகிறாரோ என்று செபநாயகம் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். மனிசன் பகிடி விடவில்லை. விரலை மடக்கி மடக்கி உண்மையாகவே காரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார். கலியாணம் முடித்து இரண்டு வருஷம், இன்னும் ஒரு பிள்ளைகூடப் பிறக்கவில்லை, அதற்குள் பிரிக்கிற கதை! தூ!

சரி, கார் தந்தவரிடமே போவோம் என்று இராசநாயகத்தாரிடம் போனான். தில்லைநாதரின் மாமனார் அவர். மலாயாவில் முப்பது வருஷம் றெயில்வேயில் இருந்துவிட்டுப் பென்சனோடு உரும்பிராய்க்கு வந்து கல்வீடு கட்டியவர். மூன்று பெண்களில் கடைசி மகள் பத்மாவதிக்குத்தான் காணி, நகையோடு தன்னுடைய பழைய காரும் கொடுத்திருந்தார். மகளும் மருமகனும் அவரோடு அதே வீட்டில்தான் இருந்தார்கள்.

"குடுக்கிறதெல்லாம் குடுத்து முடிஞ்சுது" என்றார் கிழவர். "உறுதியை எடுத்துப் பார். மோட்டார்க் கார் ஒண்டு எண்டு கிடக்கு. நாலு சில்லுக்கும் பிறேக்கோடை எண்டு கிடக்கோ? இப்ப இவருக்குப் பிறேக் போட்டுக் குடுத்தால் நாளைக்கு மற்ற மருமேன்மார் இரண்டு பேரும் வாசலிலை வந்து நிப்பினம். கடைசி ஆளுக்கு மேலதிகமாய்க் குடுத்தனீங்கள், எங்களுக்கு எங்கை எண்டு கேப்பினம். எனக்கென்ன விசரே?"

"ஐயா, நீங்களும் இந்தக் காரிலைதானே போறியள்?"

"நான் போறது என்ரை மகளின்ரை காரிலை. நீ கதையை விட்டிட்டு றோட்டைப் பார்த்து ஓட்டு."

ஆறு மாதம் இப்படியே போனது. இவரிடம் கேட்டால் இவர் மாமனைக் காட்டுவார். அவரிடம் கேட்டால் அவர் மருமகனைக் காட்டுவார். இரண்டு பேரும் காசுக் கதையை நேருக்கு நேர் ஒரு நாளும் கதைக்கமாட்டார்கள். மரியாதையாம்! ஆம்பிளைகள் தனியே சாப்பிடுகிற நேரத்தில் எதிரும் புதிருமாக இருந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "செபநாயகம் பிறேக் எண்டு ஏதோ சொல்லுறான், மாமா", "ஓம் தம்பி, எனக்கும் சொன்னவன்" என்று அதோடு நிறுத்திக்கொள்வார்கள். வெளியில் வந்து ஆளுக்கொரு பக்கமாக அவனிடம் மற்றவரைக் கரித்துக் கொட்டுவார்கள். வேலையை விட்டுவிட்டுப் போகலாம் என்று எத்தனையோ தரம் நினைத்தான். பட்டினத்தில் லைசென்சோடு வேலை இல்லாமல் திரிகிற றைவர்மார் இருபது பேரை அவனுக்குத் தெரியும்.

"வாயாலை சொல்லி விளங்காத ஆக்களுக்குக் கண்ணாலை காட்டவேணும்" என்று தம்பிஐயாதான் கடைசியில் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு செபநாயகம் மாமனையும் மருமகனையும் ஏற்றிக்கொண்டு கோப்பாய்க்குப் போனான். கராச்சுக்கு முன்னால் றோட்டுக்குக் குறுக்கே தம்பிஐயா சுண்ணாம்பால் ஒரு கோடு கீறி வைத்திருந்தார். முதலில் செபநாயகம் தன் காரை இருபத்தைந்து மைல் வேகத்தில் ஓட்டி வந்து கோட்டில் பிறேக்கை மிதித்தான்; கார் வழுக்கிக்கொண்டு தூரப் போய்த்தான் நின்றது. பிறகு, பழுது பார்க்க வந்து நின்ற ஒரு புதுக் காரைத் தம்பிஐயா அதே வேகத்தில் ஓட்டி வந்து அதே கோட்டில் மிதித்தார். புதுக் கார் முக்கிக்கொண்டு அந்த இடத்திலேயே குந்தியது. தம்பிஐயா குனிந்து இரண்டு காருக்கும் நடுவில் முழம் போட்டார். இருபது முழம்.

"பாத்தியளே ஐயா? இருபது முழம்! அதுக்குள்ளை ஒரு குடும்பமே நிக்கலாம்" என்றார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து.

இராசநாயகத்தார் கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் ஏதோ கூட்டிக் கழித்தார்.

"நூற்றெண்பதை இருபதாலை பிரி. முழம் ஒன்பது ரூபாய்! தம்பி, பத்மாவதிக்கு நான் எடுத்த காஞ்சிபுரம் பட்டுக்கூட முழம் மூண்டு ரூபாய்க்கு மேலை வரேல்லை!"

பிரக்கிராசி விழுந்து விழுந்து சிரித்தார். மாமனும் மருமகனும் ஒன்றாகச் சிரித்ததை அன்றைக்குத்தான் செபநாயகம் முதல்முதலாகப் பார்த்தான். தம்பிஐயா சுண்ணாம்புக் கோட்டைக் காலால் தேய்த்து அழித்தார். செபநாயகத்துக்கு அந்த இரண்டு பேருடைய வாயும், அதற்குள் தெரிந்த வெற்றிலைக் காவிப் பல்லும் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. மனிச உயிரைச் சேலைக்கடையில் வைத்து முழம் போடுகிறான்களே, நாசமறுவான்கள்!

அடுத்த கிழமை பிரக்கிராசி ஒரு பித்தளை ஹோர்ன் வாங்கிக்கொண்டு வந்தார். எட்டு ரூபாய். யானை பிளிறுகிற மாதிரிச் சத்தம் போட்டது.

"சத்தத்தைக் கேட்டால் சனம் தானாய் விலகும். அதோடை, இதெண்டால் எப்பவும் கழட்டி எடுத்திடலாம்" என்றார் பெருமையாக.

வெள்ளிக்கிழமைகளில் செபநாயகம் பத்மாவதியை நல்லூருக்கு ஏற்றிக்கொண்டு போவான். அந்த வீட்டில் அவனுக்கு வெறுப்பு வராத ஒரே ஆள் அவள்தான். அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் பேசாமல் இருப்பாள். வரும்போது அவனுடைய பிள்ளைகளுக்கென்று கற்கண்டும் வாழைப்பழமும் ஒரு கடதாசியில் சுற்றித் தருவாள். அவளை ஏற்றினால் அவன் பத்து மைலுக்கு மேல் ஓட்டமாட்டான். அந்த நல்ல மனிசிக்கு ஏதும் நடந்துவிடக்கூடாது என்று அவ்வளவு கவனம்.

மாரியும் தொடங்கிவிட்டது. கார்த்திகை மாதம் ஒரு நாள் காலை எட்டரைக்குப் பிறகு, பருத்தித்துறையில் ஒரு வழக்குக்காகப் பிரக்கிராசியை ஏற்றிக்கொண்டு போனான். இரவு பெய்த மழையில் றோட்டு முழுக்கச் செம்மண் கரைந்து கிடந்தது. செபநாயகம் பதினைந்து மைலில் ஓட்டினான்.

"என்ன ஐசே, செத்த வீட்டுக்கே போறம்? ஒன்பதரைக்கு வழக்குக் கூப்பிடுவாங்கள். கெதியாய் விடும்!"

"றோட்டுச் சரியில்லை ஐயா."

"நான் ஓட்டச் சொன்னால் ஓட்டும். இல்லாட்டி நாளைக்கு வேறை ஆள் ஓட்டுவான்."

செபநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினான். நீர்வேலி வாழைத் தோட்டங்கள் இரண்டு பக்கமும் ஈரத்தோடு ஓடின. அப்போது இடப்பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஒரு சைக்கிள் வெளியே வந்தது. சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோகிற மார்க்கண்டு அதைத் தள்ளிக்கொண்டு வந்தான். கைபிடியில் இரண்டு குலை, பின்னால் மூன்று குலை, குலைகளுக்கு நடுவில் அவனுடைய தலை மட்டும்தான் தெரிந்தது.

முன் சீற்றில் பக்கத்தில் இருந்த பிரக்கிராசி எட்டி ஹோர்னை அமுக்கினார். அந்தப் பிளிறலைக் கேட்டு மார்க்கண்டு விலகவில்லை. திடுக்கிட்டு நடு றோட்டிலேயே நின்றுவிட்டான். செபநாயகம் பிறேக்கில் ஏறி நின்றான் என்றே சொல்லவேண்டும். பின் சில்லுகள் இறுகிச் சேற்றில் வழுக்கின. முன் சில்லுகள் ஒன்றும் தெரியாத மாதிரி உருண்டன. "மாதாவே!" என்று கத்தியது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. பிறகு சைக்கிள் நசிகிற சத்தமும் மனிசன் ஒருவன் அலறுகிற சத்தமும் ஒன்றாகக் கேட்டன. கார் இன்னும் ஏழெட்டு முழம் போய்த்தான் நின்றது.

மார்க்கண்டு உயிரோடு கிடந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே காலாகவே இல்லை. செபநாயகம் சால்வையைக் கிழித்துக் கட்டினான். தோட்டத்திலிருந்து ஓடி வந்த இரண்டு பேர் அவனோடு சேர்ந்து தூக்கினார்கள். பின் கதவைத் திறந்தபோதுதான் பிரக்கிராசி முதல்முதலாக வாயைத் திறந்தார்.

"பொறும், பொறும். தோல் சீற் ஐசே! உந்த வாழைச்சருகை எண்டாலும் விரிச்சுப்போட்டு ஏத்தும்."

தூக்கிக்கொண்டு நின்றவர்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். செபநாயகம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த இடத்தில் அவர் முகத்தில் காறித் துப்பியிருப்பான். மார்க்கண்டுவை ஆசுப்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தான். மத்தியானத்துக்குள் காலை எடுத்துவிட்டார்கள். மார்க்கண்டுவின் மனைவி நல்லம்மா வாசலில் இருந்து தலையில் அடித்து அழுததைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றான்.

அன்று பின்னேரம் மாமனும் மருமகனும் அவனை வீட்டு விறாந்தைக்குக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார்கள்.

"செபநாயகம், நீர் கொஞ்சம் வேகமாய் வந்திட்டன் எண்டு ஒத்துக்கொள்ளும்" என்றார் பிரக்கிராசி. "பிறேக் கதையை எடுக்க வேண்டாம். மிஞ்சினால் தண்டம் போடுவினம், அதை நாங்கள் கட்டுறம்."

"மறியல் போட்டால்?"

"போட்டால் ஒரு மூண்டு மாதம்" என்றார் கிழவர், ஏதோ மூன்று நாள் விருந்துக்குப் போவதைப் போல. "உன்ரை மனிசிக்கு அரிசி நாங்கள் குடுத்து விடுவம். என்ன தம்பி?"

"ஓம் மாமா, அதுக்கென்ன."

ஆறு மாதமாக ஒரு பிறேக்குக்கு ஒத்துப்போகத் தெரியாதவர்கள் இதற்கு ஐந்து நிமிஷத்தில் ஒத்துப்போய்விட்டார்கள்! அரிசி வாங்குகிற காசில் ஆளுக்குப் பாதி என்றும் பேசியிருப்பார்கள்.

"நான் நடந்ததைத்தான் சொல்லுவன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அவர்களுடைய முகத்தில் முழிக்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் பொலிஸ் சார்ஜன் காரைச் சோதித்துவிட்டு வந்து அதே விறாந்தையில் மேசை போட்டு இருந்தார். செபநாயகத்துக்குப் பயம் இல்லை. இந்த நாளுக்காக ஆறு மாதமாக அவன் மனதுக்குள் பேசிப் பேசி வைத்திருந்தான்.

"பிறேக் காணாது, முன் சில்லுக்குப் பிடிக்காது எண்டு தெரிஞ்சும் ஏன் ஓட்டினனீ?" என்று சார்ஜன் கேட்டார்.

"சொந்தக்காரரிட்டை ஆறு மாதமாய்ச் சொல்லிப்போட்டன் ஐயா. கோப்பாய்த் தம்பிஐயாவைக் கேட்டுப் பாருங்கோ, அவருக்கும் தெரியும். அவையள் காசு போடேல்லை."

"சொந்தக்காரர் எண்டால் ஆர்?"

செபநாயகம் இரண்டு பேரையும் கையால் காட்டினான்.

"நானில்லை" என்றார் பிரக்கிராசி உடனே. "கார் என்ரை மனிசியின்ரை சீதனம்."

"நானுமில்லை" என்றார் கிழவர். "நான் குடுத்து முடிச்சிட்டன்."

சார்ஜன் கையிலிருந்த கடதாசியைப் பார்த்தார். "ஓம், பத்மாவதி தில்லைநாதன் எண்டுதான் பதிஞ்சு கிடக்கு. அவவைக் கூப்பிடுங்கோ."

பத்மாவதி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தாள் என்று முகம் சொன்னது.

"அம்மா, உங்கடை காருக்குப் பிறேக் காணாது எண்டு றைவர் உங்களிட்டை எப்ப சொன்னவர்?"

அவள் தகப்பனைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பிறகு செபநாயகத்தைப் பார்த்தாள். 'சொன்னவர் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ தாயே' என்று அவன் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

"என்னட்டை ஒருத்தரும் சொல்லேல்லை" என்றாள் பத்மாவதி. "இதுகள் எல்லாம் எனக்கு இப்பதான் தெரியும். என்ன செலவு வருமெண்டு சொன்னவை?"

"நூற்றெண்பது ரூபாய், அம்மா" என்றான் செபநாயகம்.

"இந்தக் காப்புச் சோடி அதுக்கு மேலை போகும்" என்று அவள் கையை நீட்டிக் காட்டினாள். "இது என்ரை. கழட்டித் தர ஆரையும் கேக்கத் தேவையில்லை. வெள்ளிக்கு வெள்ளி என்னை ஏத்திக்கொண்டு போனனீர், செபநாயகம். காருக்குள்ளை நீரும் நானும்தானே இருந்தனாங்கள். ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

கார் அவளுடையது, உறுதியில் அவள் பெயர் என்று அந்த ஆறு மாதத்தில் நூறு தரம் அவன் காதாலேயே கேட்டிருக்கிறான். கேட்டுக் கேட்டு அந்த இரண்டு பேரையும் சபித்தானே தவிர, அவளிடம் கேட்கலாம் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவனுக்குத் தோன்றவில்லை. காசுக் கதையை ஆம்பிளைகளிடம்தானே கதைப்பது! அவள் அர்ச்சனைத் தட்டோடு ஏற்றி இறக்குகிற ஒரு பொம்பிளை, அவ்வளவுதான். தில்லைநாதர் எப்படி நினைத்தாரோ, கிழவர் எப்படி நினைத்தாரோ, அப்படியேதான் அவனும் நினைத்திருக்கிறான். அங்கே ஒரு மனிசன் காலில்லாமல் கிடக்கிறான். இந்த முறை காறித் துப்புவதற்கு அவனைத் தவிர ஒருத்தரும் இல்லை.

சார்ஜன் எழுதி முடித்து உரத்து வாசித்தார். "காரின் சொந்தக்காரியிடம் பிறேக்கைப் பற்றி றைவர் ஒருநாளும் சொல்லவில்லை. சரியோ?"

"சரிதான் ஐயா" என்று சொல்லிச் செபநாயகம் கையெழுத்துப் போட்டான்.